ஈரச் சாம்பல்

ஜீவராணி அக்கா பயப்படாத பொருள் ஒன்று இந்த உலகத்தில் இருந்ததென்றால், அது அவளுடைய அடுப்பு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், குளவிக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து வரும் போனுக்குப் பயம். றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகும்போது முன்னால் ஒருத்தி நடந்தால்தான் இவள் பின்னால் நடப்பாள். முன்னால் போகிறவளைப் பாம்பு கடிக்கட்டும் என்று பார்க்கிறாயா என்று கேட்டால், "இல்ல புள்ள, யாரையுமே கடிக்கக்கூடாதுன்னுதான் சாமிய கும்புட்டுக்கிட்டே வாரேன்" என்பாள். முன்னால் நடக்கிறவள் பெரும்பாலும் நான்தான்.

என் பெயர் சுஜீதா. மலைக்குப் போகிற வழியில் உள்ள தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜீவராணி அக்காவுக்குப் பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த வீட்டில், இருக்கிறேன். இருந்தேன் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். ருவான்வெல்லை பஜாரிலிருந்து த்ரீவீல் ஏறி, ஸ்டோரைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, றப்பர் மரங்களுக்குள் வளைந்து வளைந்து போனால் மேக்கணக்கு லயம் வரும். மலையை வெட்டித் தட்டாக்கி அதில் வரிசையாகக் காம்பிராக்களைக் கட்டியிருந்தார்கள். முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் அடுப்படி. அடுப்படியின் பின்சுவர் மலையின் வெட்டுமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காம்பிராக்களுக்கு நடுவில் உள்ள சுவர்கள் கூரைவரை எட்டாது. அதனால் எங்கள் லயத்தில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. அவள் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் சோறு இறங்கும். அவள் வீட்டுச் சண்டைக்கு நான் இங்கிருந்தே தீர்ப்புச் சொல்வேன்.

அந்த அடுப்பை அவளே போட்டாள். புற்றுமண்ணைக் கொண்டுவந்து, சாணமும் நறுக்கிய மானாப்புல்லும் சேர்த்துப் பிசைந்து, ஒரு பெரிய வாயும் பக்கத்தில் ஒரு கொடியடுப்புமாக வழித்தெடுத்தாள். மேலே தகரக் குழாய், கூரையைத் தாண்டிப் புகை போக. அதற்கும் பக்கத்தில் விறகு காய ஒரு பரண். றப்பர் விறகு நல்ல பிள்ளை மாதிரி இருந்து ஏமாற்றும்; மேலே காய்ந்திருக்கும், உள்ளே பால் இருக்கும். அடுப்பில் வைத்தால் நுரை தள்ளிக்கொண்டு கண்ணைக் கரிக்கும். அதனால் பிளந்து, காற்றுப் போகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வெயில் காட்டி, பிறகுதான் பரணுக்கு ஏற்றுவாள். எடுக்கும்போது இரண்டு கட்டைகளைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால் அடுப்புக்கு. மொத்தென்று கேட்டால் திரும்பவும் பரணுக்கு. காலையில் சாம்பலை அள்ளுவாள், எல்லாவற்றையும் அல்ல, ஒரு மெத்தை அளவு விட்டுவைப்பாள். வேலை முடிந்ததும் கங்கை அதற்குள் புதைத்துவிட்டால் மறுநாள் ஊதினால் போதும். அவள் வீட்டுப் பூனை அந்தச் சாம்பல் மெத்தையின் ஓரத்தில்தான் தூங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அடுப்பை மெழுகுவாள். லயத்தில் எங்கள் எல்லோருடைய அடுப்பையும் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெட்கமாக இருக்கும்.

மருமகன் சசி கொழும்பிலிருந்து ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தான். அந்தச் சமயத்தில் கேஸ் வெடித்த கதைகள்தான் எல்லோருடைய போனிலும். இவள் சிலிண்டரை ஒரு சாக்கால் மூடிக் கொய்யா மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். "நெருப்புன்னா கண்ணுக்குத் தெரியணும். இது எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியல" என்றாள். அந்தச் சிலிண்டரைச் சுற்றிப் புல் முளைத்ததுதான் மிச்சம்.

அவளைப் பற்றி இன்னொரு கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. சில வருஷங்களுக்கு முன் விடாத மழையில் விறகெல்லாம் நமுத்துப்போய்விட்டது. அப்போது அவள் ஒட்டுப்பால் போட்டு அடுப்பு மூட்டத் தொடங்கினாள். ஒட்டுப்பால் என்றால் மரத்துப் பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் றப்பர். நனைந்தாலும் பற்றிக்கொள்ளும். ஆனால் புகை தார் மாதிரிக் கறுப்பு, நாற்றமோ குடலைப் பிடுங்கும். அந்தக் கரி குழாய்க்குள் படிந்து படிந்து, ஒருநாள் சாயங்காலம் குழாயே பற்றிக்கொண்டது. லொறி ஏற்றத்தில் ஏறுவது போல ஒரு உறுமல். ஜீவராணி அக்கா தட்டைத் தட்டிக்கொண்டு இஸ்தோப்பு நெடுக ஓடினாள். லயமே பிள்ளைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மழையில் நின்றது. கடைசிக் காம்பிரா நாகலிங்கம் அண்ணன் புது டீவியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் குழாய் தானாகவே அணைந்துவிட்டது. டீவி மட்டும் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு லயத்தில் 'பயர் பிரிகேட்' என்று பெயர். வைத்தது நான்தான். அவள் புருஷன் நடராஜா அண்ணன், "இனிமே ஒனக்குப் பயம் வந்தா எங்கிட்ட மட்டும் சொல்லு, ஊருக்குச் சொல்லாத" என்றார். அவளும் அப்படியே அடங்கிவிட்டாள். மீதி ஒட்டுப்பாலை ஒரு சாக்கில் கட்டிப் பரணின் மூலையில் தள்ளிவிட்டாள்.

போன வருஷம் ஐப்பசிக் கடைசியில் மகள் நிலுஷாவுக்குக் குழந்தை பிறந்தது. தலைப்பிள்ளை, பெண். தாயையும் பிள்ளையையும் அடுப்படிக்கு அடுத்த பின்னறையில் வைத்தார்கள். அடுப்புச் சூட்டில் அந்த அறைதான் கதகதப்பாக இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பு அணையக்கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். காலையில் குளிக்க வைக்க நொச்சி போட்ட வெந்நீர், மத்தியானம் தாய்க்குக் காய மருந்து, சாயங்காலம் துணி காய வைக்கச் சூடு. அடுப்பு அணைந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று ஜீவராணி அக்கா மனதார நம்பினாள். ஊதுகுழலும் கையுமாகவே திரிந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு அல்ல, ஒரேயடியாக.

ஒருநாள் காலையில் சுவருக்கு மேலாக அவள் குரல் கேட்டது.

"சுஜீதா, சாம்பல் ஈரமா இருக்கு புள்ள."

"பூனை அவசரத்துக்கு ஒதுங்கியிருக்கும்" என்றேன்.

"பூனை அங்க படுக்கிறதே இல்ல இப்ப. கங்கு பொதச்சு வச்சா காலையில அணைஞ்சு கெடக்கு."

கூரை ஒழுகுகிறதோ என்று பார்த்தாள். ஒழுகவில்லை. சாம்பலைத் தோண்டினால் அடியில்தான் ஈரம், மேலே இல்லை. எனக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அடுப்புக்கு நாவூறு கழிக்கலாமா அக்கா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு வெடிப்பு வந்தது. அடுப்பு சுவரைத் தொடும் இடத்தில் மயிர் போல ஒரு கோடு. மண்ணைக் குழைத்துப் பூசினாள். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு, நகம் நுழையும் அளவுக்கு. மறுபடியும் பூசினாள். நடராஜா அண்ணனிடம் சொன்னபோது, "மண்ண சரியா பெசஞ்சிருக்க மாட்ட" என்றார். அவளுக்கு அது பெரிய அவமானம். இன்னும் நன்றாகப் பிசைந்து, இன்னும் தடிப்பாகப் பூசினாள். காலையில் எழுந்ததும் முதலில் பிள்ளையைப் பார்ப்பாள், பிறகு வெடிப்பைப் பார்ப்பாள். அந்த நாட்களில் அவள் சோறு தின்றதையே நான் காணவில்லை. பயத்தை வெளியில் சொல்லப் பயந்து, அதை மண்ணோடு சேர்த்துப் பிசைந்து சுவரிலேயே பூசிக்கொண்டிருந்தாள்.

மண்சரிவு வரலாம் என்று ரேடியோவில் சொல்லத் தொடங்கியதும், லயங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆபிஸ் ஆட்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. சேதி வந்ததும் எங்கள் லயத்துப் பெண்கள் என்ன செய்தோம் தெரியுமா? வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எதைச் செய்வோமோ அதைச் செய்தோம். கூட்டினோம், கழுவினோம், மெழுகினோம். அன்று காலை லயம் முழுக்கச் சாண வாசனை. ஜீவராணி அக்கா வெடிப்புக்குள் புல் கலந்த மண்ணைக் குத்தித் திணித்து, மேலே வழுவழுவென்று மெழுகி, அடுப்புச் சூட்டிலேயே காய வைத்துவிட்டாள்.

வந்தவர்களில் பெரியவர் பிரேமலதா மிஸ், நல்ல மனுஷி. குடையை மடக்கிவிட்டு அடுப்படிவரை வந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஹரிம பிரிசிதுய்" என்றார் சிங்களத்தில். ரொம்பச் சுத்தம் என்று. பிறகு கேட்டார், "பித்தி பெலிலா தியெனவத?" சுவரெதுவும் வெடித்திருக்கிறதா என்று.

"நே மிஸ், மொகுத் நே" என்றார் நடராஜா அண்ணன். ஒன்றும் இல்லையாம்.

ஜீவராணி அக்கா ப்ளேன்டீ தட்டைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. வெடிப்பு என்று சொன்னால் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்வார்கள். தீட்டுக்கூடக் கழியாத பிள்ளையை ஈர சிமெந்துத் தரையில் போட வேண்டும். அடுப்பு இருக்காது, வெந்நீர் இருக்காது. அதோடு, பயர் பிரிகேட் மறுபடியும் மணி அடித்துவிட்டாள் என்று ஊர் சிரிக்கும். இவ்வளவையும் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் நினைத்திருக்கிறாள். மிஸ் டீயைக் குடித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் மழை தன் உண்மையான முகத்தைக் காட்டியது. வடிகால் கான் நிறைந்து இஸ்தோப்புப் படிவரை தண்ணீர் வந்தது. மடுவத்தை மூடிவிட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீவராணி அக்கா தலையில் ஒரு பொலித்தீனைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் வா."

"என்னாக்கா?"

என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை பச்சைத் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது. லயத்தின் ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், மேலே கையைக் காட்டினாள். வெட்டுமண்ணுக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவில், தரையிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. அந்த மழையில் யாரும் நெருப்பு மூட்டவும் முடியாது.

"யாரு அங்க அடுப்பு மூட்டுறது?" என்றேன், புத்தியில்லாமல்.

"அது என்னோட பொகை" என்றாள்.

நான் திரும்பி அவள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். தகரக் குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அடுப்பு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. புகை குழாயில் ஏறாமல், மெழுகியும் மறுபடி திறந்துகொண்ட சுவர் வெடிப்புக்குள் நுழைந்து, மலைக்குள் எங்கெங்கோ போய், அங்கே மேலே வெளியே வருகிறது. அப்படியென்றால் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலை உள்ளே பிளந்திருக்கிறது. சாம்பலுக்கு அடியில் வந்த ஈரமும் அந்த வழியாக ஊறியதுதான். என் ஆயுசில் அவ்வளவு பயந்ததில்லை.

"கத்துக்கா. எல்லாரையும் கூப்புடு."

"நான் கத்துனா வருவாங்களா?"

அவள் கேட்டது சரிதான். ஆம்பிளைகள் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார்கள். ஆபிஸ் ஆட்களே வந்து ஒன்றும் இல்லையென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கொட்டும் மழையில் இவள் பேச்சைக் கேட்டு யார் இரண்டாம் தடவை பெட்டி தூக்குவார்கள்? நான் சொன்னாலும், அவளோடு சேர்ந்து இவளுக்கும் பயம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். நேராகப் பின்னறைக்குப் போய்ப் பிள்ளையை எடுத்து டவலில் சுற்றி, பொலித்தீனைப் போர்த்தி என் கையில் தந்தாள்.

"நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போற ரோட்டுக்குப் போ. நிலுஷாவயும் கூட்டிக்க. நின்னு பாக்காத."

"நீங்க?"

"நான் எல்லாரையும் கூப்புட்டுட்டு வாரேன்."

பரணில் ஏறி அந்த ஒட்டுப்பால் சாக்கை இழுத்துக் கீழே போட்டாள். கையால் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்த சாக்கு. அதை அப்படியே பிரித்து அடுப்பு வாயில் திணித்து ஊதினாள்.

நான் பிள்ளையோடு வெளியே வந்தேன். நிலுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எங்க, அம்மா எங்க" என்றபடி வந்தாள். கொஞ்ச தூரத்துக்குள் நாற்றம் எங்களைப் பிடித்துக்கொண்டது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?" என்று நாகலிங்கம் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஏசுவதற்காகவே இறங்கினார். தகரக் குழாயைப் பார்த்தார். அதில் புகை இல்லை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மலையில் கறுப்புப் புகை ஓரிடத்திலிருந்து வரவில்லை. ஜீவராணி அக்கா வீட்டுக்கு மேலே தொடங்கி, என் வீட்டுக்கு மேலே, அதற்கடுத்த வீட்டுக்கு மேலே, நாகலிங்கம் அண்ணன் வீட்டுக்கும் அப்பால், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரே வரிசையில் வந்தது. லயத்தின் நீளத்துக்கு யாரோ மலையில் கரிக்கோடு இழுத்தது போல இருந்தது. யாரும் கத்தவில்லை. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்தத் தடவை யாரும் டீவியைத் தூக்கவில்லை.

ரோட்டு வளைவில் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஜீவராணி அக்காவைக் காணவில்லை. நின்று பார்க்காதே என்று சொல்லியிருந்தாள், நான் நின்றேன். என் கையில் பிள்ளை வாயைப் பிளந்து அழுதது. இலை அசைந்தால் பயப்படுகிறவள், பிளந்த மலையில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, கடைசிக் காம்பிராவும் காலியாகும்வரை புகை போட்டுக்கொண்டிருந்தாள். நடராஜா அண்ணன் எல்லோரையும் இறக்கி முடித்த பிறகுதான் பெண்சாதி உள்ளேயே இருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கரி, கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கையில் ஊதுகுழல் இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று என்னைக் கேட்டாள்.

வந்துவிட்டார்கள் என்றேன்.

பள்ளிக்கூடத்தை அடைந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, பொழுது மங்கும் நேரத்தில், அந்தச் சத்தம் வந்தது. முதலில் மரங்களின் வேர் அறும் சத்தம், படபடவென்று. பிறகு தரை அதிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை, மழை மட்டும். விடிந்து போய்ப் பார்த்த ஆம்பிளைகள், லயம் இருந்த இடத்தில் றப்பர் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன என்றார்கள். பின்னறை எங்கே இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். நிலுஷா அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிரேமலதா மிஸ் வந்தார். சேற்றோடு சேறாக நின்று எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜீவராணி அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: அன்றைக்கு வெடிப்பு இருந்தது மிஸ், நான்தான் மெழுகி மறைத்தேன், மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பயமாக இருந்தது.

மிஸ் அவளை ஏசவில்லை. மற்ற வீடுகளிலும் அன்று மெழுகினார்களா என்று மட்டும் கேட்டார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

இன்னும் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில்தான் இருக்கிறோம். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜீவராணி அக்கா இங்கேயே ஒரு பொது அடுப்புப் போட்டாள். புது மண் காயும்போது வெடிக்கும்தானே, அதிலும் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டை மெழுகி மூடிவிடலாமே என்று நான் ஒருநாள் சாணத்தைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் புள்ள. கோடு தெரியட்டும். பெரிசாகுதான்னு பாக்கணும்."

கோடு பெரிதாகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் தீ மூட்டுமுன் சாம்பலை விலக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். இப்போது அவளுக்கு அடுப்பு என்ற அந்த ஒன்றுக்கும் பயம்தான். பேத்தியின் வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கும் நான், "காஞ்சிருக்காக்கா?" என்று கேட்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

"காஞ்சிருக்கு" என்கிறாள். சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுப்பதில்லை. அவள் எடுத்ததும் நானும் ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன்.